இரு சிலைகளும் ஒரு திரைப்படமும்

பெங்களூர்த் தமிழர்க்கு அல்சூர் ஏரி என்றதும் வள்ளுவர் சிலையே நினைவில் எழும். 1991ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அச்சிலை, கன்னட அமைப்புகள் சிலவற்றின் எதிர்ப்பால் திறக்கப்பெறாது, 18 ஆண்டுகள் மூடப்பெற்றே நின்றது. இதனை நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இதற்கு ஈராண்டு முன்னர் நிகழ்ந்த பிறிதொன்றைப் பேசுவதில்லை. பேசினால் நமக்கே சற்று உறுத்தும்.

'ஒரே ஒரு கிராமத்திலே' என்பது கவிஞர் வாலி எழுதிய திரைப்படம். அந்தணப் பெண்ணொருத்தி, கருப்பாயி என்னும் பெயரும் வேறு சாதிச் சான்றிதழும் கொண்டு அரசுப் பணி பெறுகின்றாள் என்பது கதை. சாதியை அளவுகோலாகக் கொண்ட இடஒதுக்கீடு பிழை, வறுமையே அளவுகோலாதல் வேண்டும் என்பது அதன் வாதம். நீதிக்கட்சி ஆட்சியின் வகுப்புவாரி ஆணை பிறந்த மண்ணில் இக்கருத்து எத்துணை வெறுப்பைத் தேடும் என்று சொல்ல வேண்டுவதில்லை. அக்கருத்து தவறு என்பதே என் துணிபு. பல தலைமுறைகளாக மறுக்கப்பட்ட கல்வியை வறுமைக் கணக்கால் மட்டும் ஈடு செய்துவிட இயலாது.

தணிக்கைக் குழுவினரே இப்படத்தைப் பற்றி ஒருமனப்படவில்லை. இறுதியில் சான்றிதழ் கிடைத்தது, வழக்குத் தொடுக்கப்பட்டது, சென்னை உயர்நீதிமன்ற அமர்வு அச்சான்றிதழை நீக்கியது. தயாரிப்பாளர் எஸ். ரங்கராஜன் உச்சநீதிமன்றம் சென்றார். படம் வெளிவந்தால் மக்கள் கொதித்தெழுவர், அமைதி குலையும் என்று அங்கே வாதிட்டது யார்? தமிழ்நாட்டு அரசே.

1989 மார்ச் 30இல் தீர்ப்பு வந்தது. அதனை எழுதியவர் கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக வீற்றிருந்த கே. ஜெகந்நாத ஷெட்டி. கருத்து சரியானது என்பதற்காக அன்று, கூறும் உரிமை உண்டு என்பதற்காகவே அதற்குக் காப்பு என்றார் அவர். வெடிமருந்தில் விழும் பொறிபோல, பேச்சுக்கும் கேட்டுக்கும் இடையே நெருங்கிய தொடர்பிருந்தாலன்றித் தடை கூடாது. ஊர்வலம் வரும், வன்முறை நிகழும் என்னும் அச்சுறுத்தலுக்கு அரசு பணிவது சட்டத்தின் ஆட்சியைக் கைவிடுவதாகும். இவையே தீர்ப்பின் சாரம். படம் பிழைத்தது. இடஒதுக்கீடும் அதனால் எள்ளளவும் சாயவில்லை.

இங்கே பழைய செய்தியொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1950இல் சென்னை அரசு 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் இதழைத் தன் எல்லைக்குள் நுழையவொட்டாது தடுத்தது. உச்சநீதிமன்றம் அத்தடையை நீக்கியது. மறுஆண்டு செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி ஆணை வீழ்ந்தது. இவ்விரு தீர்ப்புகளுக்கும் விடையாக வந்ததே 1951ஆம் ஆண்டின் முதல் அரசியலமைப்புத் திருத்தம். பிற்பட்டோர்க்குத் தனிச் சலுகை அளிக்க வழி செய்ததும், பொது ஒழுங்கின் பெயரால் பேச்சைக் கட்டுப்படுத்த வழி செய்ததும் ஒரே திருத்தந்தான்! அதன் ஒரு கையால் பெற்றதைக் காக்க மறு கையையும் ஓங்கலாம் என்று 1989இல் நம்மவர் எண்ணினர் போலும்.

ஈராண்டு கழிந்தது. பெங்களூரில் அதே வாதம் நம்மீது திரும்பிற்று. சிலையைத் திறந்தால் கலவரம் மூளும் என்றனர். அவ்வாண்டு டிசம்பரில் காவிரிச் சிக்கலால் இந்நகரில் தமிழர் பட்ட துன்பத்தை நோக்கின், அவ்வச்சம் வெறும் கற்பனை என்று தள்ளவும் இயலாது. சிலை வேண்டாமென்று முழங்கக் கன்னட அன்பர்க்கு முழு உரிமை உண்டு. அம்முழக்கமும் காக்கப்பட வேண்டிய பேச்சே. முழக்கத்துக்கு அஞ்சி அரசு கைகட்டி நின்றதுதான் குறை. ஆயினும், அதே அச்சத்தைச் சென்னையில் வாதமாக்கியவர் இங்கே அதனைக் குறை கூறினால் எவர் செவி சாய்ப்பர்?

2009 ஆகஸ்டு 9இல், முதலமைச்சர் எடியூரப்பா உடனிருக்க, கலைஞர் கருணாநிதி வள்ளுவர் சிலையைத் திறந்து வைத்தார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பெற்றது. மூன்றடிப் பாக்களால் உலகியல் உரைத்த அப்பெரியார் நம் ஊருக்கு வந்தது மகிழ்ச்சியே. ஆனால் வள்ளுவர் வெளிப்பட்டது 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வலிமையால் அன்று. இரு அரசுகள் செய்துகொண்ட கொடுக்கல் வாங்கலால்.