விஸ்துலா, நோகாட் இணைப் பாலங்கள்: பதிலீட்டின் இரு வகைகள்

1. வரையறை

ஒரே ரயில் பாதைக்காக, ஒரே காலத்தில், ஒரே பொறியாளரின் திட்டப்படி அடுத்தடுத்த இரு ஆறுகளின்மேல் எழுந்த பாலங்களை இங்கு இணைப் பாலங்கள் என்கிறோம். பழைய பாலம் நிற்க, அதன் வேலை மட்டும் புதியதற்குப் போவது பணிப் பதிலீடு. பாலமே அழிந்து, அவ்விடத்தில் வேறு கட்டுமானம் வருவது உடற் பதிலீடு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணினால் பாலத்தின் ஆயுளைத் தவறாகக் கணிப்போம்.

2. தோற்றக் காரணம்

பெர்லினையும் கோனிக்ஸ்பெர்க்கையும் இணைத்த பிரஷ்யக் கிழக்கு ரயில்பாதை 1853க்குள் இரு புறமும் ஓடத் தொடங்கியிருந்தது. ஆனால் டிர்ஷாவுக்கும் (இன்றைய போலந்தின் ட்செவ்) மரியன்பர்குக்கும் (மால்போர்க்) இடையே அது அறுந்து கிடந்தது. பயணிகள் இறங்கி, விஸ்துலாவையும் அதன் கிளையாறான நோகாட்டையும் கடந்து, மறுகரையில் வேறு ரயில் ஏறினர்.

தடை அகலம் மட்டுமன்று. குளிர்காலம் முடிகையில் உடைந்து வரும் பனிப்பாளங்கள் நெருக்கமான தூண்களிடையே சிக்கி வெள்ளத்தைக் கரையேற்றிவிடும். ஆகவே தூண்கள் குறைய வேண்டும். தூண்களுக்கு இடைப்பட்ட கண்கள் நீள வேண்டும். பாலங்களைத் திட்டமிட்ட பொறியாளர் கார்ல் லென்ட்சே முதலில் சங்கிலித் தொங்குபாலத்தை எண்ணினார். பிரிட்டனின் குழாய்ப் பாலங்களைக் கண்டபின் அதைக் கைவிட்டார். குழாயின் மூடிய இரும்புச் சுவருக்குப் பதிலாகக் குறுக்கும் நெடுக்குமாய்ப் பட்டைகளைப் பின்னிய சுவரை அமைத்தார். இதைப் பின்னல் உத்தரம் எனலாம். இதனால் இரும்பும் மிச்சம். காற்றும் ஊடுருவிச் செல்லும். இந்த முடிவையே இப்பாலங்களின் உயிர்நிலையாக நாம் மதிக்கிறோம்.

1857இல் இரண்டும் திறக்கப்பட்டன. டிர்ஷாவில் ஒவ்வொன்றும் சுமார் 131 மீட்டர் கொண்ட ஆறு கண்கள். மொத்த நீளம் சுமார் 837 மீட்டர். மரியன்பர்கில் இரண்டே கண்கள். செங்கல் வாயில்களையும் கோபுரங்களையும் கட்டடக் கலைஞர் ஸ்டூலர் கோட்டைச் சாயலில் வகுத்தார். தளத்தில் ஒற்றைத் தண்டவாளம். ரயில் வராத வேளையில் அதே தளத்தில் குதிரை வண்டிகள் போயின.

3. பணிப் பதிலீடு

போக்குவரத்து பெருகவே ஒற்றைத் தண்டவாளம் போதவில்லை. 1888 முதல் 1891 வரை அருகிலேயே இரட்டைத் தடப் பாலங்கள் கட்டப்பட்டன. ரயில் அவற்றுக்கு மாறியது. லென்ட்சேயின் பாலங்கள் சாலைப் பாலங்களாயின. எனவே 1891ஐ அவற்றின் முடிவாகக் கொள்வது பொருந்தாது.

4. உடற் பதிலீடு

உடற் பதிலீட்டின் காரணம் போர். 1939 செப்டம்பர் 1 அன்று, ஜெர்மானியப் படை கைப்பற்றிவிடாதபடி, போலந்து வீரர்கள் ட்செவ் பாலங்களைத் தகர்த்தனர். நோகாட் பாலங்கள் 1945இல் வீழ்ந்தன. ட்செவ் சாலைப் பாலத்தில் போருக்குப் பின் இழந்த கண்களுக்கு வேறு உத்தரங்கள் வைக்கப்பட்டன. மூலப் பின்னல் உத்தரத்தின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. ஆகவே ட்செவில் நிகழ்ந்தது பகுதி உடற் பதிலீடே. எஞ்சிய அப்பாலத்தை 2004இல் அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கம் பன்னாட்டு வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.