குதிரையின் பின்னங்கால் தமனி அடைப்பும் மீயொலிப் படமும்

மனித மருத்துவம் குதிரையிடமிருந்து கற்றுக்கொண்ட நோய்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று, நடந்தால் வலித்து நின்றால் தணியும் இடைவிட்ட நொண்டல். பாரிஸ் நகரக் கால்நடை மருத்துவர் ழான் பிரான்சுவா பூலே 1831இல் அதைக் குதிரையில் விவரித்தார். தொடைத் தமனிகள் அடைபட்டதே நொண்டலுக்குக் காரணம் என்றும் காட்டினார். நரம்பியல் மருத்துவர் ஷார்கோ மனிதரிடம் அதே நோயை எடுத்துரைத்தது 1858இல்தான். இவ்வளவு பழைய நோய், உயிரோடிருக்கும் குதிரையில் இன்றும் தவறவிடப்படுகிறது. கருவி இல்லாதது இதற்குக் காரணமன்று. கருவியை எங்கே, எப்போது வைக்கிறோம் என்பதில்தான் குறை இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பெருந்தமனி இடுப்புக்கு அருகே முடியும் இடத்தில் இரு புற இடுப்புத் தமனிகளாகவும் இரு அக இடுப்புத் தமனிகளாகவும் பிரிகிறது. அந்தப் பிரிவிலோ அதற்குக் கீழோ இரத்தக்கட்டி படிந்து மெல்ல வளரும். சுற்றியுள்ள சிறு தமனிகள் மாற்றுவழியாக இரத்தத்தைக் கடத்துவதால், லாயத்தில் நிற்கும் குதிரை நலமாகவே தெரியும். ஓட விட்டால் தசையின் தேவை பலமடங்கு கூடும்; மாற்றுவழி போதாது. பின்னங்கால் தளரும், இழுபடும், குதிரை அந்தக் காலை ஊன்ற மறுத்து உதறும். உடலெங்கும் வியர்த்திருக்க, அந்தக் கால் மட்டும் குளிர்ந்து வறண்டிருக்கும். தொடையின் உட்புறத்தில் ஓடும் சேஃபினஸ் சிரை மற்றக் காலில் விரைவில் புடைத்து நிற்க, இந்தக் காலில் தாமதமாகவே நிரம்பும். சிறிது நேர ஓய்வில் எல்லாம் மறைந்துவிடும். மருத்துவர் வந்து சேரும்போது பார்ப்பதற்கு எதுவுமிராது. தசைப்பிடிப்பு, முதுகுவலி, முழங்கால் மூட்டுக் கோளாறு என்று வேறு பெயர்களில் மாதக்கணக்கில் சிகிச்சை நடப்பது இதனால்தான்.

மலக்குடல் வழியே கைவிட்டுத் தமனியின் துடிப்பைத் தடவிப் பார்ப்பதே நெடுங்காலம் இருந்த ஒரே வழி. தேர்ந்த கைக்கு அது நிறையச் சொல்லும். ஆனால் தமனியை முழுக்க அடைக்காத கட்டியின் ஓரமாக இரத்தம் பாயும்போது துடிப்பு இயல்பாகவே தோன்றும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வர்ஜீனியா ரீஃப் குழு 1987இல், மீயொலி ஆய்வால் இக்கட்டிகளைக் கண்டறியலாம் என்று வெளியிட்டது பெரிய திருப்பம். அதற்கென்று தனிக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. பெண் குதிரையின் சினைப் பரிசோதனைக்கு மலக்குடலுக்குள் கொண்டுசெல்லும் அதே நேர்கோட்டு ஆய்வுமுனை போதும். கருப்பையைப் பார்க்கக் கீழ்நோக்கிப் பிடிப்பதை முதுகெலும்பை நோக்கி மேலே திருப்பினால் பெருந்தமனி தெரியும். ஓடும் இரத்தம் கருமையாகவும், பழைய கட்டி சுவரோடு ஒட்டிய வெளிறிய திட்டாகவும் படத்தில் விழும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. புதிய கட்டி இரத்தத்தைப் போலவே கருமையாகத் தெரியக்கூடும். கறுப்பு வெள்ளைப் படத்தை மட்டும் பார்த்து 'அடைப்பில்லை' என எழுதுவது பிழைக்கு இடம் தரும். இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் வண்ண டாப்ளரை இயக்கினால், ஓட்டமில்லாத இடம் நிறமின்றி வெறுமையாக நின்று தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

அதைவிடப் பெரிய பிழை, பெருந்தமனிப் பிரிவோடு ஆய்வை முடித்துக்கொள்வது. கட்டி சில குதிரைகளில் தொடைத் தமனியில் மட்டுமே இருக்கும். மலக்குடலிலிருந்து அது எட்டாது. தொடையின் உட்புறத் தோலின்மேல் ஆய்வுமுனையை வைத்து அதைப் பார்க்கலாம் என்பதை ஆய்வாளர் வார்மர்டாம் 1998இல் ஆறு நல்ல குதிரைகளையும் நோயுற்ற மூன்றையும் ஒப்பிட்டுக் காட்டினார். அடைப்புக்குக் கீழே பாய்ச்சலின் அலைவடிவம் கூர்மை இழந்து தட்டையாகும். இரு கால்களையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். என் கருத்தில் இந்த ஒப்பீட்டை ஓய்வில் ஒருமுறையும், ஓட்டிய உடனே மறுமுறையும் செய்ய வேண்டும். ஓட்டத்தில் மட்டுமே வெளிப்படும் நோயை ஓய்வில் மட்டும் படமெடுப்பது, மழைக்கால ஒழுகலைக் கோடையில் தேடுவதற்குச் சமம்.

எதிர்வாதம் ஒன்றுண்டு: மாறுபடுபொருள் செலுத்தி எடுக்கும் தமனிப் படமே முடிவானது, மீயொலி ஆளுக்காள் மாறும் என்பார்கள். மனிதருக்கு அது பொருந்தலாம். ஐந்நூறு கிலோ எடையுள்ள உடலின் இடுப்பை எக்ஸ்ரே எளிதில் ஊடுருவாது, சி.டி. கருவியின் வளையத்துக்குள் அந்த இடுப்பு நுழைவதும் அரிது. பொது மயக்கம் குதிரைக்குச் சிறிய விஷயமன்று. வயிற்றுவலி அல்லாத காரணங்களுக்காக மயக்கமளிக்கப்படும் குதிரைகளிலேயே இறப்பு சுமார் 1 விழுக்காடு என்பது பெரிய ஆய்வுகளின் கணக்கு. இரத்தம் குன்றிய பின்னங்கால் தசைகளோடு படுக்கும் குதிரைக்கு, எழும்போது தசைச் சிதைவு வரும் அபாயம் கூடுதல். கதிரியக்கத் தெக்னீசியம் கொண்டு நின்ற நிலையிலேயே இரத்தப் பாய்ச்சலைப் படமெடுக்கலாம். ஆயினும் அந்த வசதி பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே உண்டு. கட்டியின் எல்லையை அது துல்லியமாக வரையறுப்பதுமில்லை.

அந்த எல்லைதான் இன்று மிக முக்கியம். ஆய்வாளர் ரைகன்ஹௌசனும் உடன் பணியாற்றியோரும் 2009இல் 17 குதிரைகளில் அறுவை மூலம் கட்டியை வெளியே இழுத்த அனுபவத்தை வெளியிட்டனர். பாதிக்கும் மேற்பட்டவை மீண்டும் உழைப்புக்குத் திரும்பின. கட்டி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதற்குக் கீழே தமனி திறந்திருக்கிறதா என்பது முன்கூட்டித் தெரியாமல் அறுவைக்குரிய குதிரையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

பொலிகுதிரைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விந்து வெளியேற்ற முடியாமையோடு இதே அடைப்பு இருந்த இரு பொலிகுதிரைகள் 1992இல் பதிவாயின. நொண்டல் இல்லாவிட்டாலும் இனப்பெருக்கக் குறையோடு வரும் பொலிகுதிரையின் பெருந்தமனியைப் பார்த்துவிடுவது கூடுதல் செலவில்லாத காரியம்.

படத்தில் சிறு திட்டு ஒன்று தெரிந்துவிட்டதாலேயே நொண்டலுக்குக் காரணம் கிடைத்துவிட்டதாகவும் கொள்ளக்கூடாது. திட்டு இருக்கும் பக்கமும் கால் குளிரும் பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓட்டத்துக்குப் பின் பாய்ச்சல் குறைவதும் அங்கேயே தெரிய வேண்டும். ஆகவே ஸ்கேன் அறிக்கை எழுதும் கால்நடை மருத்துவர்கள் 'கட்டி இல்லை' என்ற இரு சொற்களோடு நிறுத்த வேண்டாம். எந்தத் தமனிகளை எதுவரை பார்த்தீர்கள், டாப்ளர் பயன்பட்டதா, குதிரையை ஓட்டிய பிறகு பார்த்தீர்களா என்பனவற்றையும் எழுதுங்கள்.