ஐக்கியம் தேடியோர் பிரிந்த கதை

ஒரே வேதாகமத்தைக் கையில் ஏந்தியோர் ஏன் இத்தனை சபைகளாகப் பிரிந்து நிற்கின்றனர் என்ற கேள்வி எம்மிடையே அடிக்கடி எழுகின்றது. பதவி ஆசையும் பணமுமே காரணம் என்று சுலபமாகப் பதில் கூறிவிடுகின்றோம். ஆனால், பெந்தெகொஸ்தே இயக்கத்தின் ஆரம்ப வரலாற்றைப் படிக்கும்போது அந்தப் பதில் போதாது என்றே எனக்குத் தோன்றுகின்றது.

1906 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசுசா வீதியில், முன்னாள் அடிமைகளின் மகனான வில்லியம் சீமோர் தலைமையில் எழுப்புதல் கூட்டங்கள் நடைபெற்றன. நிறவெறி கோலோச்சிய அக்காலத்தில் கறுப்பரும் வெள்ளையரும் அங்கு அருகருகே முழந்தாளிட்டு ஜெபித்தனர். அங்கிருந்து மிஷனரிமார் பல நாடுகளுக்கும் புறப்பட்டுச் சென்றனர். ஆனால், 1911 இல் பரிசுத்தமாகுதல் பற்றிய போதனையில் வில்லியம் டர்ஹாம் முரண்பட்டபோது, அதே மண்டபத்தின் கதவு அவருக்குப் பூட்டப்பட்டது.

1914 ஏப்ரலில் ஆர்கன்சா மாநிலத்தின் ஹொட் ஸ்பிரிங்ஸ் நகரில் சுமார் 300 பேர் ஒன்றுகூடி அசெம்பிளிஸ் ஒஃப் கோட் அமைப்பை உருவாக்கினர். சிதறிக் கிடந்த ஊழியங்களை ஒருங்கிணைப்பதும், வெளிநாட்டு மிஷனரிமாரை ஒழுங்காகத் தாங்குவதும், வேதாகமப் பாடசாலை அமைப்பதும் அவர்களது நோக்கங்களுள் சில. வேதாகமமே போதும், தனியான விசுவாச அறிக்கை எதுவும் வேண்டாம் என்பதே அன்றைய நிலைப்பாடு.

அந்த நிலைப்பாடு இரண்டரை ஆண்டுகளே நீடித்தது. மத்தேயு 28:19 இன்படி பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுப்பதா, அப்போஸ்தலர் 2:38 இன்படி இயேசுவின் நாமத்தில் கொடுப்பதா என்ற விவாதம் 1913 முதல் பரவியது. விரைவில் அது திரித்துவக் கோட்பாட்டையே கேள்விக்குள்ளாக்கியது. அமைப்பின் முதல் தலைவரான ஈ. என். பெல் கூட 1915 இல் இயேசுவின் நாமத்தில் மறுஞானஸ்நானம் பெற்றார்; பின்னர் திரித்துவப் பக்கமே திரும்பினார்.

1916 ஒக்டோபரில் சென்ற் லூயிஸ் நகரில் கூடிய பொதுச் சங்கம் 'அடிப்படைச் சத்தியங்களின் அறிக்கை'யை ஏற்றுக்கொண்டது. 585 ஊழியர்களில் 156 பேர் வெளியேறினர்; அதாவது நான்கில் ஒரு பங்கினருக்கும் அதிகமானோர். இயேசுவின் நாம அணியில் பலர் ஜீ. டீ. ஹேவுட் என்ற கறுப்பினப் போதகர் முன்னின்ற அமைப்பில் இணைந்தனர். அங்கு இரு இனத்தவரும் சேர்ந்தே ஊழியம் செய்தனர். 1924 இல் வெள்ளையரில் பெரும்பாலானோர் பிரிந்து சென்றனர். இம்முறை பிரித்தது உபதேசமல்ல, தோலின் நிறம்.

இங்கு ஒரு விடயத்தை வாசகர்கள் கவனிக்கவேண்டும். 1916 ஆம் ஆண்டின் அறிக்கை, தான் கிறிஸ்தவர்களுக்கிடையிலான ஐக்கியத்தின் அளவுகோல் அல்லவென்றும், ஊழியர்களின் ஒருமைப்பாட்டுக்கு மட்டுமே அடிப்படையென்றும் தானே கூறியிருந்தது. ஒரே மேடையில் போதிப்பதற்கு உபதேச உடன்பாடு தேவை. சகோதரன் என்று அழைப்பதற்கு அது தேவையில்லை. சிறந்த வேறுபாடுதான். ஆனால், நடைமுறையில் இரு தரப்பினரும் தலைமுறைகளாக ஒருவர் முகத்தை ஒருவர் பாராதிருந்தனர். 2002 முதல் 2007 வரை இரு தரப்பு அறிஞர்களும் அமர்ந்து உரையாடினர். உபதேச வேறுபாடு தீரவில்லை. பேச்சு மட்டும் மீண்டும் தொடங்கியது.

எமது நாட்டிலும் 1923 இல் கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், வெண்ணிற ஆடையும் திருமணம் செய்யாத ஊழியருமாகத் தனிவழி சென்றது. தனிவழி செல்வதே குற்றமன்று. வேறுபாட்டை மறைத்துச் செய்யும் ஐக்கியம் முதல் கேள்வியிலேயே உடைந்துவிடும். வேறுபட்டோரைப் பகைவராகக் காட்டும் சுவிசேஷத்தை அயலவன் நம்பமாட்டான். தமக்குள் முகம் கொடுத்துப் பேசாதோர், ஒப்புரவாகுதலைப் பிறருக்குப் போதிப்பது எப்படி?