கிழங்குத் தீவும் எண்ணெய்த் தீவும்

ஜப்பானின் ஒகினாவா தீவு மக்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதற்கு 1949-ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று உண்டு. சராசரியாக ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,785 கலோரி. அதில் மாவுச்சத்து 85 சதவீதம், கொழுப்பு வெறும் 6. கிரேக்கத்தின் கிரீட் தீவிலோ கதையே வேறு. அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸின் 'ஏழு நாடுகள் ஆய்வு' 1960 வாக்கில் அங்குள்ள உழவர்களின் உணவை அளந்தபோது, கலோரியில் ஏறக்குறைய 40 சதவீதம் கொழுப்பாக இருந்தது. அந்தத் தலைமுறையில் இரண்டு தீவுகளிலும் இதய நோய்ச் சாவு குறைவு. கொழுப்பைக் குற்றம் சொல்பவர் கிரீட்டைப் பற்றிப் பேசமாட்டார். மாவுச்சத்தைக் குற்றம் சொல்பவர் ஒகினாவா பக்கமே போகமாட்டார்.

ஒகினாவாவின் மாவுச்சத்து சோறு அல்ல. மூன்றில் இரண்டு பங்கு கலோரி சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்து வந்தது. அரிசியின் பங்கு 12 சதவீதம்தான். புயல் அடிக்கிற ஊரில் நெற்பயிர் சாய்ந்துவிடும், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு பிழைத்துக்கொள்ளும். ஏழைகளின் சாப்பாடாகத்தான் அது தொடங்கியது. நார்ச்சத்தோடு சேர்ந்து வரும் அந்த மாவுக்குத் துணையாகப் பாகற்காய், டோஃபு, கடற்பாசி. பன்றிக்கறி விசேஷ நாட்களில். ஆகவே அந்த 85-ஐக் காட்டி, மூன்று வேளையும் பாலிஷ் போட்ட அரிசியை உண்பதற்கு நாம் நியாயம் தேட முடியாது.

கிரீட்டில் கொழுப்பென்றால் பெரும்பாலும் ஆலிவ் எண்ணெய். காட்டுக்கீரையும் பருப்பும் அதில்தான் மிதந்தன. நிறைவுற்ற கொழுப்பு கலோரியில் சுமார் 8 சதவீதம். அதே ஆய்வில் கிழக்கு பின்லாந்தும் இருந்தது. அங்கும் மொத்தக் கொழுப்பு கிட்டத்தட்ட கிரீட் அளவுதான். ஆனால் வெண்ணெயும் பாலும் மிகுந்த உணவு, நிறைவுற்ற கொழுப்பு 20 சதவீதத்துக்கும் மேல். ஆய்வில் இதய நோய்ச் சாவு மிக அதிகமாக இருந்தது அங்கே, மிகக் குறைவாக இருந்தது கிரீட்டில். கீஸின் அளவீடுகளில் ஒன்று ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் நடந்தது என்ற விமர்சனம் உண்டு. அது சரியான விமர்சனமே. இரு தீவினரும் வயலில் உடல் நோக உழைத்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

விகிதத்தை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரிடம் ஓராண்டு சோதித்து, முடிவை 2018-இல் வெளியிட்டது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இளைத்தார்கள். புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே அல்ல. இரு குழுவுக்கும் சர்க்கரையையும் மைதாவையும் ஒதுக்கச் சொல்லியிருந்தார்கள். சர்க்கரை நோயாளிக்கு மட்டும் அளவும் முக்கியம்: மாவுச்சத்தைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரையும் டிரைகிளிசரைடும் இறங்கும். மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

ஒகினாவா 1972 வரை அமெரிக்க ஆட்சியில் இருந்தது. கிழங்கு போய் டின் இறைச்சியும் ஹாம்பர்கரும் வந்தன. கொழுப்பின் பங்கு 30 சதவீதத்தை ஒட்டி ஏறியது. பழைய கிரீட் உழவர் உண்டதைவிட அது குறைவுதான். ஆனாலும் ஜப்பானின் 47 மாகாணங்களில் ஒரு காலத்தில் முதலிடத்தில் இருந்த ஒகினாவா ஆண்களின் ஆயுட்காலம், 2000-ஆம் ஆண்டுக் கணக்கில் 26-ஆம் இடத்துக்கு இறங்கியிருந்தது.