முகலாய ஓவியத்தில் வானதூதர்கள்

16ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஐரோப்பியச் செப்புத்தகட்டு அச்சுப்படங்களைப் பார்த்து வரைந்ததன் வழியாக முகலாய அரசவை ஓவியத்தில் இடம்பெற்ற உருவங்கள். சிறகுடைய வானவர்கள் பாரசீகச் சிற்றோவியத்தில் முன்பே உண்டு. ஒளிநிழலால் திரட்சி காட்டும் உடலும் கொழுத்த குழந்தை வடிவமும் ஐரோப்பிய வரவு.

தோற்றம்: 1580இல் ருடால்ஃப் அக்வாவீவா தலைமையில் பத்தேபூர் சிக்ரிக்கு வந்த இயேசு சபைக் குருக்கள், ஆண்ட்வெர்ப்பில் கிறிஸ்டோபர் பிளாந்தின் அச்சிட்ட பன்மொழி விவிலியத்தை அக்பருக்கு வழங்கினர். அதன் முகப்புப் படங்களும் பின்னர் வந்த தனித்தாள் படங்களும் ஓவியர்களுக்குப் பாடமாயின. பிலிப் காலே பொறித்த ஹேம்ஸ்கெர்க்கின் படத்தைப் பின்பற்றி, கேசுதாஸ் 1587-88இல் புனித மத்தேயுவையும் வானதூதரையும் வரைந்தார். கறுப்பு வெள்ளை மூலத்துக்கு வண்ணம் அவர் தந்தது. இவ்வோவியம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளது.

நகலெடுத்தல்: மெல்லிய மான்தோலை மூலத்தின்மேல் வைத்துக் கோடெடுத்து, அக்கோட்டில் ஊசித்துளையிட்டுக் கரித்தூள் தட்டி உருவத்தைத் தாளுக்கு மாற்றுவது ஓவியக்கூட வழக்கம். ஐரோப்பாவிலும் நகலெடுப்பது தொழிற்பயிற்சியாகவே இருந்தது. யோஹான்னஸ் வீரிக்ஸ் 1566இல் டியூரரின் ‘ஆதாமும் ஏவாளும்’ படத்தை நகலெடுத்து, தன் வயது 16 எனத் தகட்டில் பொறித்தார். டியூரரின் 1511ஆம் ஆண்டுச் சிலுவைக் காட்சியிலிருந்து புனித யோவானை மட்டும் 1600-01இல் வரைந்த அபுல் ஹசனும், அது தன் 13ஆம் வயதுப் பணி என்று குறித்துவைத்தார்.

அரச அடையாளம்: ஜஹாங்கீர் காலத்தில் வானதூதர்கள் விவிலியக் கதையை விட்டு அரியணைப் பக்கம் வந்தனர். மணற்கடிகாரத்தின் மேல் பேரரசர் அமர்ந்திருக்கும் பிசித்தரின் ஓவியத்தில் (சுமார் 1615-18), அரசருக்கு நீண்ட ஆட்சிக்காலம் வேண்டி இரு குழந்தைத் தூதர்கள் அக்கடிகாரத்தில் எழுதுகின்றனர். மேலே ஒருவர் முகத்தைப் பொத்திக்கொள்கிறார்.

மறுபயணம்: 1650களில் ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்ட் முகலாய ஓவியங்களைப் பார்த்து வரைந்தார், அந்த நகல்களில் இருபதுக்கு மேற்பட்டவை எஞ்சியுள்ளன. மரத்தடியில் அமர்ந்த நான்கு பெரியவர்களைக் காட்டும் ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆபிரகாம் வானதூதர்களை விருந்தோம்பும் அவரது 1656ஆம் ஆண்டு அமில அரிப்பு அச்சுப்படத்தில் எல்லாரும் தரையில் அமர்ந்து உண்பது இந்த அமைப்பைத் தழுவியதே. அந்த நகலுக்கு மூலமாகக் கருதப்படும் முகலாய ஓவியம் வியன்னாவின் ஷோன்ப்ருன் அரண்மனையில் இருக்கிறது.