கொத்மலையில் ஓர் ஆவணக் கணினி: புரொசசருக்கு முன் மதர்போர்டைப் பாருங்கள்

கொத்மலைக்குக் கணினி புதிதல்ல. 1989இல் தொடங்கப்பட்ட கொத்மலை சமூக வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் இணைய வசதி பெற்றது. நேயர்கள் கேட்ட கேள்விகளுக்கு அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி வானலையில் விளக்கினார்கள். ஒரு சில கணினிகள் ஒரு பிரதேசத்துக்கே பயன்பட்டன.

இன்றைய தேவை வேறு. 1977, 1983 வன்செயல்களில் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்கள் பல, அங்கும் யுத்தத்தில் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைப் பத்திரம், ஒரேயொரு குடும்பப் படம் என்று வழியில் தொலைந்தவை ஏராளம். மலையகத்தில் எஞ்சிய உறவுகளின் பெட்டிகளில் இருப்பவற்றையாவது ஸ்கேன் செய்ய வேண்டும். முதியவர்களின் வாய்மொழியைக் காணொளியாகப் பதிய வேண்டும். இதற்காக ஒரு வாசிகசாலையோ இளைஞர் குழுவோ பணம் சேர்த்து ஒரு வர்க்ஸ்டேஷன், அதாவது நாள் முழுவதும் கனமான வேலை தாங்கும் மேசைக் கணினி, வாங்க நினைத்தால் எதைத் தெரிவு செய்வது?

பிளாட்ஃபோர்ம் என்றால் என்ன?

கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது "ஐ5ஆ, ஐ7ஆ, ரைசனா?" என்ற கேள்விதான். அதைவிட முக்கியமானது புரொசசர் பொருந்தும் சொக்கெட். எந்த மதர்போர்ட், எந்த வகை ராம், நான்கு வருடம் கழித்து எந்தப் புரொசசரை மாற்றிப் போடலாம் என்பதையெல்லாம் அதுவே தீர்மானிக்கிறது. இவை சேர்ந்ததே பிளாட்ஃபோர்ம். புரொசசரைப் பின்னர் மாற்றலாம். பிளாட்ஃபோர்மை மாற்றுவதென்றால் ஏறக்குறைய புதுக் கணினி வாங்குவதற்குச் சமம்.

சந்தையில் உள்ளவை

ஏஎம்டி ஏஎம்4: 2017இல் ரைசனுடன் பரவலானது. டிடிஆர்4 ராம் பயன்படுத்தும். முதல் வருடத்தில் வாங்கிய மதர்போர்டுகள் பலவற்றில், பயோஸை மேம்படுத்திவிட்டு, 2020 இறுதியில் வரத் தொடங்கிய ரைசன் 5000 வரிசையையும் பொருத்த முடிந்தது. இப்போது அதன் ஆயுளின் கடைசிக் கட்டம். ஆனால் பழைய டிடிஆர்4 ராம் கைவசம் இருந்தால் இன்னும் நல்ல தெரிவு.

ஏஎம்டி ஏஎம்5: 2022 செப்டெம்பரில் வந்தது. டிடிஆர்5 மட்டுமே. 2027 வரையும் அதற்குப் பின்னரும் ஆதரவு தொடரும் என்று நிறுவனம் அறிவித்திருக்கிறது.

இன்டெல் எல்ஜிஏ1700: 2021இல் வந்தது. 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கானது. மதர்போர்டைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது டிடிஆர்5.

இன்டெல் எல்ஜிஏ1851: 2024 ஒக்டோபரில் கோர் அல்ட்ரா 200 வரிசையுடன் வந்தது. டிடிஆர்5 மட்டுமே. பழைய எல்ஜிஏ1700 புரொசசர்கள் இதில் பொருந்தா.

திரெட்ரிப்பர், சியோன் போன்ற பெரிய பிளாட்ஃபோர்ம்கள் பல கிராஃபிக்ஸ் கார்டுகளும் நூற்றுக்கணக்கான ஜிபி ராமும் தேவைப்படுவோருக்கு. ஆவண வேலைக்கு அந்தச் செலவு வீண்.

2025இன் பிற்பகுதியில் உலகெங்கும் ராம் விலை கடுமையாக ஏறியது. ஆகவே புரொசசர் விலையை மட்டும் ஒப்பிடாமல் புரொசசர், மதர்போர்ட், 32 ஜிபி ராம் மூன்றையும் கூட்டி ஒப்பிடுங்கள்.

சத்தமில்லாத பிழை

ராமில் ஒரு பிட் தவறினால் பல வேளைகளில் எதுவும் வெளியே தெரியாது. கணினி நிற்காது, எச்சரிக்கையும் வராது. ஸ்கேன் செய்த படம் மட்டும் பிழையோடு சேமிக்கப்படும். அதிலிருந்து எடுக்கும் பிரதிகள் எல்லாவற்றிலும் அதே பிழை இருக்கும். அசல் தாள் பின்னர் அழிந்துவிட்டால் திருத்த வழியே இல்லை. இதைக் கண்டுபிடித்துத் திருத்துவது இசிசி ராம்.

ஏஎம்4, ஏஎம்5 பிளாட்ஃபோர்ம்களில் பெரும்பாலான ரைசன்கள் இசிசியைத் தாங்கும். ஆனால் மதர்போர்டும் தாங்க வேண்டும். அதன் கையேட்டில் பார்த்து உறுதிசெய்யுங்கள். பெயரில் "ஜி" என்று முடியும் சாதாரண ரைசன்களைத் தவிருங்கள். இன்டெல்லின் எல்ஜிஏ1700இல் டபிள்யூ680 சிப்செட் உள்ள மதர்போர்ட் தேவை. வழக்கமான பி760, இசட்790 மதர்போர்டுகளில் இந்த வசதி இல்லை.

இரண்டு எச்சரிக்கைகள். டிடிஆர்5 ராமுக்குள் இயல்பாகவே உள்ள பிழைதிருத்தம் முழுமையான இசிசி அல்ல. பழைய சேர்வர்களிலிருந்து கழற்றி மலிவாக விற்கப்படும் "ரெஜிஸ்டர்ட்" ராம் இந்த மதர்போர்டுகளில் வேலை செய்யாது.

காணொளியும் மின்சாரமும்

காணொளித் தொகுப்பே பிரதான வேலையென்றால் இன்டெல்லுக்கு ஒரு அனுகூலம் உண்டு. அதன் உள்ளமைந்த கிராஃபிக்ஸில் உள்ள குயிக் சிங்க், கெமராக்கள் தரும் எச்.265 காணொளியை இலகுவாகக் கையாளும். பெயரில் "எஃப்" என்று முடியும் மாதிரிகளில் அது கிடையாது.

1985இல் நிறைவுற்ற கொத்மலை நீர்மின் திட்டம் 201 மெகாவாட் திறன் கொண்டது. அதற்காக ஊர்களும் தேயிலை நிலங்களும் நீரில் மூழ்கின. ஆனாலும் தோட்டத்து லைனில் ஒரு மரம் விழுந்தால் இருட்டுத்தான். எனவே வாட் கணக்கும் முக்கியம். கோர் ஐ9 14900கே உச்சத்தில் 253 வாட் வரை இழுக்கும். 12 கோர்கள் கொண்ட ரைசன் 9 7900 ஏறக்குறைய 88 வாட்டுடன் நிற்கும். குறைவாக இழுக்கும் கணினிக்குச் சிறிய யூபிஎஸ் போதும். வேலையைச் சேமித்து நிறுத்த நேரமும் கிடைக்கும். யூபிஎஸ்ஸில் எழுதியிருக்கும் விஏ அளவு வாட் அல்ல. அது தாங்கும் வாட் அதைவிடக் குறைவு.

பழைய கணினி வாங்குவோருக்கு

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்குப் பொதுவாக இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது ரைசன் 2000 வரிசை முதலான புரொசசர் வேண்டும். அதைவிடப் பழையது கையில் இருந்தால் லினக்ஸ் போட்டு ஸ்கேன் வேலைக்குப் பயன்படுத்தலாம்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை மேசைப் புரொசசர்கள் சிலவற்றில் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் சேதம் ஏற்பட்டது 2024இல் தெரியவந்தது. இன்டெல் திருத்தங்களை வெளியிட்டு உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீடித்தது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பைப் பயோஸ் திருத்தம் குணப்படுத்தாது. பாவித்த ஐ7, ஐ9 வாங்குவோர் கவனம்.

எதை வாங்கலாம்?

புதிதாக வாங்கி எட்டுப் பத்து வருடம் வைத்திருப்பதானால், இசிசி தாங்கும் மதர்போர்டுடன் ஏஎம்5. பணம் குறைவென்றால் அதே நிபந்தனையுடன் ஏஎம்4. காணொளியே முழு வேலையென்றால் மட்டும் இன்டெல்.

எந்தக் கணினியானாலும் ஒரு பிரதி மட்டும் வைத்திருப்பது காப்பாகாது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் கொண்டுவந்த மண்சரிவுகள் மலையகத்தில் வீடுகளையே கொண்டுபோயின. மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்றை வேறு மாவட்டத்தில், முடிந்தால் வன்னியிலிருக்கும் உறவினரிடம், வையுங்கள். பகிரக்கூடியவற்றை, 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனத்துக்கும் கொடுக்கலாம். புரொசசரில் மிச்சம் பிடிக்கும் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது இன்னொரு ஹார்ட் டிஸ்க்.