வாணியைக் கவர்ந்து சென்ற விண்கலம்

திருவில்லிபுத்தூருக்கு வானத்தை முற்றத்துக்கு அழைப்பது புதிதன்று. பெரியாழ்வார் குழந்தைக் கண்ணனோடு விளையாட நிலவைக் கூவி அழைத்தார். ஆண்டாள் மேகங்களைத் தூது விடுத்தாள். ஆனால் விண்ணுலகத்தார் தாமாகவே தமிழ்த்திரையில் இறங்கி வர, நாம் 1963 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஏ.காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி' அப்போதுதான் வெளியானது. ககாரின் விண்வெளி சென்று ஈராண்டே ஆகியிருந்தது. தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியதோ அவ்வாண்டு நவம்பர் 21 அன்று. நம் மண்ணின் ராக்கெட்டை நம் சினிமா ஏழு மாதம் முந்திக்கொண்டது!

வேற்றுக்கிரகம் ஒன்றில் விஞ்ஞானம் ஓங்கியிருக்கிறது. இசையும் நடனமும் இல்லை. அக்குறையைத் தீர்க்க அங்கிருந்து வரும் தினன் (நம்பியார்), பாடவும் ஆடவும் வல்ல வாணியை (பானுமதி) விண்கலத்தில் கவர்ந்து செல்கிறான். அவளை மீட்க மோகன் (எம்.ஜி.ஆர்.) அக்கிரகத்துக் கோமாளியின் வேடத்தில் போகிறான். இடையில் வாள்வீச்சு, காதல், உருவ ஒற்றுமைக் குழப்பம் எல்லாம் உண்டு. அவற்றை ராஜா ராணிக் கதைகளிலேயே நாம் பார்த்தாயிற்று. விண்கலமும் இன்றைய கண்ணுக்கு அட்டைச் சாமான்தான்.

படத்தை இன்றும் தாங்கி நிற்பது அந்த விண்ணுலகத்தாரின் தேவை. எச்.ஜி.வெல்ஸின் செவ்வாய்வாசிகள் (1898) பூமியைப் பிடிக்க வந்தவர்கள். 1951இல் வந்த 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்து விருந்தினன் எச்சரிக்கை விடுக்க வந்தவன். நம்மவர் படத்திலோ, எல்லாம் பெற்ற ஓர் உலகம் பாட்டு வாத்தியாரம்மாவைத் தேடி வருகிறது. கேட்டுப் பெறாமல் திருடிக்கொண்டு போகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. கலை வேண்டும், கலைஞரின் சம்மதம் வேண்டாம் என்னும் அதிகாரம் பூமியிலும் நாம் அறிந்ததே.

இராசபாளையத்துப் பஞ்சாலைக் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகள், 'தமிழ் படித்தால் என்ன கிடைக்கும்?' என்று ஆண்டுதோறும் நம்மிடம் கேட்கிறார்கள். சேர்க்கையும் குறைந்து வருகிறது. ஒருமுறை வகுப்பில் இப்படத்தைத் திரையிட்டோம். விண்கலத்தைக் கண்டு சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். முடிந்ததும் கடைசி வரிசை மாணவி கேட்டாள்: "அந்தக் கிரகத்துலதான் எல்லாமே இருந்துச்சே ஐயா, அப்புறம் எதுக்கு வாணி?"

முன்வரிசையிலிருந்து ஒருவன் பதில் சொல்லத் தொடங்குமுன் மணி அடித்துவிட்டது. மறுநாள் அவனைப் பேசவிட்டுத்தான் பெரியாழ்வாரின் நிலாப் பாசுரங்களை எடுத்தோம்.